விற்கப்போகும் வீட்டில் பாத் டப் வேண்டுமா, ஷவர் போதுமா?

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் மூன்று குமரி மாவட்டத்திலிருந்து வந்தவை. மூன்றுமே விற்பதற்கு முன் குளியலறையை என்ன செய்வது என்பதைப் பற்றியவை. ஆகவே மூன்றுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: நானும் என் கணவரும் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள். நாகர்கோவிலுக்குச் சற்று வெளியே 7 சென்ட் மனையில் 1998-இல் கட்டிய மாடி வீட்டை விற்றுவிட்டு, கோயம்புத்தூரில் இருக்கும் மகனோடு போய்விட முடிவு செய்திருக்கிறோம். கீழே 7 அடிக்கு 5 அடியில் ஒரு குளியலறை இருக்கிறது. அதில் குழாயும் வாளியும் மட்டுமே உண்டு. மாடியில் 9 அடிக்கு 6 அடியில் இன்னொன்று இருக்கிறது. குவைத்தில் வேலை பார்த்த என் கொழுந்தனார் சொன்னதைக் கேட்டு வீடு கட்டும்போதே அதில் பாத் டப் வைத்தோம். இப்போது தரகர், பழைய டப்பை எடுத்துவிட்டுப் புதிய டப் வைத்தால் விலை கூடும் என்கிறார். மகன், இரண்டு குளியலறைகளிலும் கண்ணாடித் தடுப்போடு பெரிய ஷவர் வைக்க வேண்டும் என்கிறான். என் கணவரோ, விற்கிற வீட்டுக்கு எதற்குச் செலவு என்று கேட்கிறார். நாங்கள் யார் பேச்சைக் கேட்பது? மாடிக் குளியலறைக்கு நேர் கீழே, சாப்பாட்டு அறையின் மேற்கூரையில் ஓர் ஈரக் கறை தெரிகிறது. அதற்குப் பெயின்ட் அடித்தால் போதும் என்று நினைக்கிறோம்.

பதில்: அம்மா, நீங்கள் கடைசியில் ஒரு வரியில் சொல்லி முடித்த ஈரக் கறையைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். வீடு பார்க்க வருபவர் குளியலறையில் டப் இருக்கிறதா, ஷவர் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்பே சாப்பாட்டு அறையில் நின்று நிமிர்ந்து பார்த்துவிடுவார். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் வாங்கிக்கொள்கிற மாவட்டத்தில் பிறந்தவருக்கு, கூரையில் தெரியும் கறை மழையால் வந்ததா, குழாயால் வந்ததா என்று கேட்காமல் இருக்க முடியாது. அந்தக் கேள்விக்கு உங்களிடம் பதில் இல்லையென்றால், மாடியில் எவ்வளவு அழகான ஷவர் இருந்தாலும் அவர் விலையைக் குறைத்துத்தான் பேசுவார்.

பெயின்ட் அடித்து மறைப்பது முறையும் அல்ல, பாதுகாப்பும் அல்ல. விற்பவருக்குத் தெரிந்திருந்து, வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறை சொத்தில் இருந்தால், அதை விற்பவர் சொல்லியே ஆக வேண்டும் என்று 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆவது பிரிவு கூறுகிறது. பெயின்ட் பூசிய கறை ஒரு மழைக்காலத்திற்குள் மீண்டும் வெளியே வந்துவிடும் என்பது இருக்கட்டும். பத்திரப்பதிவு முடிந்த பிறகு வழக்கறிஞர் வழியாக ஒரு கடிதம் கோயம்புத்தூர் வரை தேடி வருவது இந்த வயதில் உங்களுக்குத் தேவையில்லாத தொல்லை.

கறை எங்கிருந்து வருகிறது என்பதைக் கொத்தனாரை அழைப்பதற்கு முன் நீங்களே ஓரளவு கண்டறியலாம். ஒரு வாரம் மாடிக் குளியலறையை யாரும் பயன்படுத்தாமல் பூட்டி வையுங்கள். மேல்தொட்டியிலிருந்து வரும் குழாயை மட்டும் அடைக்காதீர்கள். அந்த ஒரு வாரத்திலும் கறை ஈரமாகவே இருந்தால், சுவருக்குள் ஓடும் குழாயில் கசிவு இருக்கக்கூடும். 1998-இல் கட்டிய வீடு என்றால் அவை பெரும்பாலும் இரும்புக் குழாய்களாக இருக்கும், உள்ளே துருப்பிடித்திருந்தால் வியப்பில்லை. கறை காய்ந்துவிட்டால், அடுத்ததாக டப்பில் தண்ணீர் நிரப்பி, நீர்மட்டத்தைப் பென்சிலால் குறித்து, ஒரு நாள் அப்படியே விட்டுவிட்டுப் பிறகு அடைப்பைத் திறந்து விடுங்கள். தண்ணீர் வடிந்த பின்னர்தான் கீழே ஈரம் தெரிகிறது என்றால், டப்புக்கு அடியில் உள்ள கழிவுக் குழாயின் இணைப்பு போய்விட்டது. அதிலும் கறை வராவிட்டால் தரையில் ஊற்றிப் பாருங்கள். ஓடுகளின் இடைவெளி வழியாக இறங்குகிறதா என்பது தெரிந்துவிடும்.

பாத் டப்பில் குறை இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். அந்தக் காலத்தில் டப்பைச் சுற்றிச் செங்கல்லால் ஒரு மேடை கட்டி, உள்ளே மணலைக் கொட்டி, மேலே ஓடு ஒட்டி மூடிவிடுவார்கள். கழிவுக் குழாயைத் திறந்து பார்க்க ஒரு சிறு கதவுகூட விடுவதில்லை. இணைப்பு கசியத் தொடங்கினால் அந்த மணல் முழுவதும் நனைந்து, ஈரத்தைத் தேக்கி வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே விடும். உடைத்துப் பார்க்காமல் அதைச் சரிசெய்ய வழியில்லை. எப்படியும் உடைக்க வேண்டும் என்றால், அந்த இடத்தில் மறுபடியும் டப் வைப்பதா என்ற கேள்விக்கு அப்போதுதான் பொருள் வருகிறது. என் பதில், வேண்டாம் என்பதுதான்.

பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் வீட்டு முகவர்கள் ஓர் அறிவுரையை வழக்கமாகச் சொல்வார்கள்: விற்கிற வீட்டில் எத்தனை ஷவர் வைத்தாலும் ஒரு பாத் டப்பையாவது விட்டு வைக்க வேண்டும், இல்லாவிட்டால் சிறு குழந்தைகள் உள்ள குடும்பங்கள் வாங்கத் தயங்கும். உங்கள் தரகர் அதை எங்கேயோ கேட்டிருக்கலாம். அங்கே அது சரியான அறிவுரைதான், ஏனென்றால் அங்கே குழந்தையை டப்பில் உட்கார வைத்துக் குளிப்பாட்டுகிறார்கள். நம் வீடுகளில் பாட்டி பலகையில் அமர்ந்து, இரண்டு கால்களையும் நீட்டி, கால்களின்மேல் குழந்தையைக் குப்புறப் போட்டு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிறாள். அதற்கு வேண்டியது தொட்டி அல்ல. கால் நீட்டி உட்காரத் தரையும், எட்டும் தூரத்தில் வெந்நீர் வாளியும், வழுக்காத ஓடும்தான். குழந்தை உள்ள குடும்பத்திற்காக டப் வைக்கிறோம் என்று சொல்லி அந்தத் தரையையே அடைத்துவிட்டால், நம் ஊரில் அது நேர் எதிரான பலனைத் தரும்.

தண்ணீர்க் கணக்கையும் போட்டுப் பாருங்கள். 5 அடி நீளமுள்ள சாதாரண டப்பில் ஒருவர் அமிழ்ந்து குளிக்க ஏறத்தாழ 150 லிட்டர் வேண்டும். குழாயில் வரும் தண்ணீர் 28 டிகிரி வெப்பத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால்கூட, அத்தனையையும் 38 டிகிரிக்குக் கொண்டுவர 60 டிகிரி வெந்நீர் 47 லிட்டர் அளவுக்குக் கலக்க வேண்டியிருக்கும். வீடுகளில் பரவலாக இருக்கும் 25 லிட்டர் கீசர் அதற்காக இரண்டு முறை காய வேண்டும். இரண்டாவது முறை காய்வதற்குள் முதலில் நிரப்பியது ஆறத் தொடங்கிவிடும். ஷவரில் நிமிடத்திற்கு 8 முதல் 10 லிட்டர் வரை செலவாகிறது. 5 நிமிடக் குளியலுக்கு 50 லிட்டரைத் தாண்டாது. வாளிக் குளியலுக்கு இரண்டு வாளி போதும். மொட்டை மாடியில் 1,000 லிட்டர் தொட்டி வைத்திருக்கும் குடும்பம், ஒருவருடைய குளியலுக்கு 150 லிட்டரைக் கொடுத்துவிட்டு எத்தனை நாள் பொறுமையாக இருக்கும்? டப் உள்ள பல வீடுகளில் நான் பார்த்தவரை, அதில் துணி ஊறிக்கொண்டிருக்கும், அல்லது தண்ணீர் வராத நாளுக்காக நிரப்பி வைத்திருப்பார்கள். உங்கள் வீட்டில் அந்த டப்பில் கடைசியாக யார், எப்போது குளித்தார்கள் என்பதை நீங்கள் எழுதவில்லை, எழுதாததிலிருந்தே ஊகித்துக்கொள்கிறேன்.

வாங்க வருபவர் வெளிநாட்டில் இருந்து பழகியவராக இருந்து டப் வேண்டும் என்று கேட்டால் என்ன செய்வது என்று தரகர் கேட்கக்கூடும். அதற்கும் இடம் விட்டு வைக்கலாம். டப் இருந்த மூலையில் 5 அடிக்கு 3 அடி இடத்தை ஷவருக்கென ஒதுக்கி, அதன் தரையை மற்ற தரையைவிட ஓர் அங்குலம் தாழ்த்தி, வெந்நீர், தண்ணீர் இணைப்புகளையும் கழிவுத் துவாரத்தையும் அதே சுவரோரம் வைத்துவிடுங்கள். வேண்டும் என்பவர் தம் செலவில் அதே அளவில் ஒரு டப்பைக் கொண்டுவந்து வைத்துக்கொள்ளலாம்.

இனி உங்கள் மகனின் யோசனைக்கு வருகிறேன். திற்பரப்பு அருவியில் தலையைக் கொடுத்து நின்றவர்களுக்கு அகலமான ஷவரின்மீது ஆசை வருவது இயல்புதான். ஆனால் அருவிக்கு உயரம் இருக்கிறது. உங்கள் மாடிக் குளியலறைக்கு அது இல்லை. தண்ணீர்த் தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் அழுத்தம் கிடைக்கும். ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் 0.1 பார் (bar, அழுத்தத்தை அளக்கும் அலகு) என்பது கணக்கு. மொட்டை மாடியில் 4 அடி மேடையின்மேல் தொட்டி இருக்கிறது, ஷவர் தரையிலிருந்து 7 அடி உயரத்தில் இருக்கிறது என்றால், இரண்டுக்கும் இடையே 8 அடிக்கு மேல் இராது; அதாவது கால் பார் அழுத்தம்கூடச் சிரமம்தான். அகலமான மழை ஷவர்களுக்கு ஏறத்தாழ 1 பார் அழுத்தமாவது இருந்தால்தான் தண்ணீர் பரவலாக விழும். வீடு பார்க்க வருபவர் நிச்சயமாகத் திருகிப் பார்ப்பார். தட்டு போன்ற பெரிய ஷவரிலிருந்து நடுவில் மட்டும் நூல் நூலாகத் தண்ணீர் ஒழுகுவதை அவர் பார்க்க நேர்ந்தால், நீங்கள் செய்த செலவே உங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லும். அழுத்தம் கூட்டும் பம்பு வைக்கலாம்தான். விற்கிற வீட்டில் இன்னொரு இயந்திரத்தையும் அதன் சத்தத்தையும் சேர்ப்பதில் எனக்கு விருப்பமில்லை. நடுத்தர அளவுள்ள ஒரு ஷவரும், அதே இணைப்பில் ஒரு கை ஷவரும், அவற்றுக்குக் கீழே வாளி வைக்கத் தரையிலிருந்து 2 அடி உயரத்தில் ஒரு குழாயும் போதும். இந்தக் கடைசிக் குழாயை மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். தினமும் ஷவரில் குளிப்பவர்கள்கூட, தலைக்கு எண்ணெய் வைத்துச் செம்பருத்தி இலையைக் கசக்கி எடுத்த தாளி தேய்த்துக் குளிக்கும் நாளில் வாளியைத்தான் தேடுவார்கள்.

கண்ணாடித் தடுப்பை மாடியில் மட்டும் வைக்கலாம். கதவு வேண்டாம், அசையாமல் நிற்கும் ஒரே பலகையாக, 8 மில்லிமீட்டர் கடினப்படுத்திய கண்ணாடி போதுமானது. கதவு என்றால் கீலும், ரப்பர் விளிம்பும், அந்த விளிம்பில் படியும் கறுப்புப் பூஞ்சையும் சேர்ந்தே வரும். கீழ்க் குளியலறையில் கண்ணாடி அறவே வேண்டாம், 7 அடிக்கு 5 அடி இடத்தில் அது மனிதர் திரும்புவதற்கே தடையாகிவிடும்.

உண்மையில் அதிகக் கவனம் தேவைப்படுவது அந்தக் கீழ்க் குளியலறைக்குத்தான். உங்கள் வீட்டை வாங்கக்கூடியவர்களில் பாதிப் பேராவது பெற்றோரை உடன் வைத்துக்கொள்பவர்களாகவோ, உங்களைப் போல ஓய்வு பெற்றவர்களாகவோ இருப்பார்கள் என்பது என் அனுமானம். அவர்கள் மாடிப்படியைப் பார்த்த உடனே, கீழே குளியலறை எப்படி இருக்கிறது என்று கேட்பார்கள். அங்கே சொரசொரப்பான ஓடு, சுவரில் தரையிலிருந்து 33 முதல் 36 அங்குல உயரத்தில் உறுதியான ஒரு கைப்பிடி, உட்கார்ந்தபடி குளிக்க எட்டும் கை ஷவர், வாசலில் தடுக்காத தாழ்ந்த படி ஆகியவை இருந்தால் அவர்கள் மனத்தில் வீடு பாதி முடிவாகிவிடும். இந்த வசதிகளைப் பற்றி உங்கள் தரகரும் மகனும் ஒன்றும் சொல்லவில்லை என்பது எனக்கு வியப்பாக இருக்கிறது.

வேலையின் வரிசையைக் கொத்தனாரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். பழைய ஓட்டின்மேல் புதிய ஓடு ஒட்டித் தருகிறேன், இரண்டு நாளில் முடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மாடியில் தளம் தெரியும்வரை கொத்தி எடுத்தாக வேண்டும். பழைய இரும்புக் குழாய்களை எடுத்துவிட்டு, வெந்நீர் தாங்கும் சிபிவிசி (CPVC) பிளாஸ்டிக் குழாய்களைப் போட்ட பிறகு, நீர்க்கசிவைத் தடுக்கும் பூச்சைத் தரையில் இரண்டு முறையும், சுவரில் ஓரடி உயரம் வரையிலும், ஷவர் உள்ள சுவரில் 6 அடிக்குக் குறையாமலும் பூச வேண்டும். பிறகு கழிவுத் துவாரத்தை அடைத்து, தரை முழுவதும் தண்ணீர் தேக்கி, 48 மணி நேரம் விட்டுவிட்டு, சாப்பாட்டு அறையில் நின்று பார்க்க வேண்டும். இந்தச் சோதனை முடியும் முன் ஒரு ஓடுகூட ஒட்ட விடாதீர்கள். ஓடு பதிக்கும்போது 3 அடிக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் சரிவு துவாரத்தை நோக்கி இருக்க வேண்டும். வேலை முடிந்த அன்றே ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றிப் பார்த்தால் சரிவு தெரிந்துவிடும். கீசருக்குத் தனி இணைப்பும், 30 மில்லிஆம்பியர் மின்கசிவுத் துண்டிப்பானும் இருப்பது நல்லது. ஜூன் மாதத்திற்கு முன்பே இந்த வேலையை முடித்துவிட்டால் சுவர் காய அவகாசம் கிடைக்கும். கூரைக் கறைக்கு அதன் பின்னர் பெயின்ட் அடியுங்கள். வேலை நடந்தபோது எடுத்த படங்களையும் ரசீதுகளையும் ஒரு கோப்பில் வைத்து, வருபவரிடம் நீங்களே எடுத்துக் காட்டுங்கள். மூலதன ஆதாய வரிக் கணக்குக்கு ரசீதுகளில் எவை பயன்படும், எவை வெறும் பழுதுபார்ப்பாகக் கொள்ளப்படும் என்பதை ஆடிட்டர் பிரித்துச் சொல்வார்.

உங்கள் கணவரின் கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. ஆகவே கசிவுக்கும், குழாய்க்கும், கீழ்க் குளியலறைக்கும் தயங்காமல் செலவு செய்யுங்கள். விலை உயர்ந்த ஓடு, வண்ண விளக்கு, கண்ணாடி வாஷ்பேசின் ஆகியவற்றுக்கு ஒரு ரூபாய்கூட வேண்டாம்.

கேள்வி: குளச்சலில் கடலிலிருந்து நடந்துபோகும் தொலைவில் எங்கள் வீடு. விற்பதற்காக ஆறு மாதங்களுக்கு முன் புதிய ஷவரும் குழாய்களும் மாட்டினோம். வாங்குபவர் இன்னும் அமையவில்லை. அதற்குள் எல்லாவற்றிலும் பச்சையும் வெள்ளையுமாகப் புள்ளிகள் வந்துவிட்டன. மீண்டும் மாற்ற வேண்டுமா?

பதில்: ஐயா, உப்புக் காற்றும், ஒருவேளை உங்கள் கிணற்று நீரில் இருக்கும் உப்பும் சேர்ந்து செய்த வேலை இது. வெள்ளைப் புள்ளிகள் நீரின் உப்புப் படிவாக இருந்தால், வினிகரில் நனைத்த துணியைச் சிறிது நேரம் சுற்றி வைத்துத் துடைத்தால் போய்விடும். பச்சை என்றால் மேல்பூச்சு உரிந்து உள்ளிருக்கும் பித்தளை வெளியே வந்திருக்கிறது, அதைத் துடைத்துப் பயனில்லை. தரையைக் கழுவ ஆசிட் பயன்படுத்தும் பழக்கம் இருந்தால் உடனே நிறுத்துங்கள். மூடிய குளியலறையில் அதன் ஆவியே குரோம் பூச்சைத் தின்றுவிடும். மாற்றுவதாக இருந்தால் எடை குறைந்த கலப்பு உலோகக் குழாய்களை விட்டுவிட்டு, கனமான பித்தளையில் குரோம் பூசியவற்றை வாங்குங்கள். துருப்பிடிக்காத எஃகு என்றால் 304 என்ற தரத்தைவிட 316 கடலோரத்திற்கு ஏற்றது. ஆனால் இப்போதே வாங்கி மாட்ட வேண்டாம், வாங்குபவர் முன்பணம் பேசும் நிலைக்கு வந்த பிறகு மாட்டினால் போதும். புதிதாகப் பாத் டப் வைக்கும் எண்ணமும் இருந்தால், அதே உப்பு நீர் அதன் விளிம்பிலும் படியும் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

கேள்வி: குலசேகரம் அருகே எங்கள் பூர்வீக வீட்டில், கொல்லையில் கிணற்றடியை ஒட்டி ஒரு பழைய குளியலறை இருக்கிறது. வீட்டுக்குள் புதிதாக ஷவரோடு குளியலறை கட்டியிருக்கிறோம். விற்பதற்கு முன் பழையதை இடித்துவிடலாமா? பார்க்க வருபவர்கள் நாகரிகமில்லை என்று நினைப்பார்களோ என்று தயக்கமாக இருக்கிறது.

பதில்: தம்பி, இடிக்க வேண்டாம். ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டிவிட்டு வருபவருக்கும், துக்க வீட்டுக்குப் போய்விட்டு வந்து உள்ளே நுழையும் முன் குளிப்பவருக்கும் வெளியே ஒரு குளியலறை இருப்பது எவ்வளவு வசதி என்பதை உங்கள் பகுதியில் வீடு வாங்குபவருக்கு நீங்கள் விளக்கத் தேவையில்லை. உள்ளே இருக்கும் ஷவர் ஓடுகளும் சேறு படாமல் இருக்கும். ஆனால் இப்போது இருக்கும் நிலையில் காட்டாதீர்கள். பாசியைச் சுரண்டிச் சுண்ணாம்பு அடித்து, துருப்பிடித்த தகரக் கதவை மாற்றி, தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்று பார்த்து, மோட்டாரிலிருந்து ஒரு குழாயும் நனையாத இடத்தில் ஒரு விளக்கும் போட்டு விடுங்கள். கழிவுநீர் கிணற்றை நோக்கிப் போகாமல் தென்னையின் பக்கம் திரும்பி ஓடுகிறதா என்பதையும் பாருங்கள், கிணற்றை எட்டிப் பார்க்கிறவர் அதையும் பார்ப்பார்.